முதல் ஜூஜிட்சு போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், ஆறு வாரத்தில் எதைப் பழகுவது?

வேளச்சேரி வெள்ளை பெல்ட்:

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்து பிரேசிலியன் ஜூஜிட்சு (தரையில் பிடித்து மல்லுக்கட்டி, மூட்டைப் பூட்டியோ கழுத்தை நெரித்தோ எதிராளியைச் சரணடைய வைப்பது) வகுப்பில் சேர்ந்தேன். வயது 31, ஐடி வேலை, வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பு, முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஓபன் மேட் (பாடம் இல்லாமல் யாரோடும் ஆடிப் பழகும் நேரம்). தீபாவளி கழித்து பெங்களூரில் ஒரு போட்டி இருக்கிறது. "போய் ஆடிட்டு வா, ஜெயிக்கிறதைப் பத்தி இப்ப யோசிக்காத" என்று கோச் சொன்னார், நானும் பணம் கட்டிவிட்டேன். கி (தடித்த துணியில் தைத்த பயிற்சி உடுப்பு) போட்டு ஆடுவது, வெள்ளை பெல்ட் (தொடக்க நிலை) பிரிவு, ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலியன் ஜூஜிட்சு கூட்டமைப்பு) விதிகள்.

முதல் சந்தேகம் எடை. காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 73 கிலோ இருக்கிறேன். பிரிவுகள் 70 என்றும் 76 என்றும் இருக்கின்றன. வகுப்பில் பாதிப் பேர் "70-க்கு இறங்கு, அங்கே நீதான் பெரிய ஆளா இருப்ப" என்கிறார்கள். மூன்று கிலோதானே, ஆறு வாரத்தில் முடியும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

அடுத்தது, எங்கள் இடம் சின்னது என்பதால் ரோலிங் (ஒருவரோடு ஒருவர் ஆடிப் பழகுவது) எல்லாம் முட்டி போட்டபடிதான் ஆரம்பிக்கும். நின்றபடி ஆரம்பித்து ஆடியது மிகக் குறைவு. எனக்கு ஓரளவு கைவருவது க்ளோஸ்ட் கார்டும் (கீழே மல்லாந்து எதிராளியின் இடுப்பைக் கால்களால் பூட்டுவது) அதிலிருந்து சிசர் ஸ்வீப்பும்தான் (கால்களைக் கத்தரிபோல் வெட்டி அவரைக் கவிழ்த்து மேலே வருவது). இப்போதிருந்து டேக்டவுன் (நின்றபடி எதிராளியைக் கீழே வீழ்த்துவது) பழகலாமா, இல்லை நேராக கார்டு இழுத்து, அதாவது அவரைப் பிடித்துக் கால்களுக்குள் இழுத்தபடி நானே கீழே உட்கார்ந்துவிடலாமா?

மூச்சு இன்னொரு பிரச்சினை. கனமான ஆளோடு ரோல் செய்தால் மூன்றாவது நிமிடத்திலேயே முன்னங்கை இறுகிப்போய் காலரைப் பிடிக்க முடியாமல் ஆகிவிடுகிறது. போட்டியில் ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்க ஓட வேண்டுமா, வெயிட் தூக்க வேண்டுமா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சண்டை என்றாலே ரத்தம் என்று நினைப்பவர். அதைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

மேட்டுவாசி:

பெயர் கொடுத்ததற்கு வாழ்த்துகள். எடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கணக்கில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. ஐபிஜேஜேஎஃப் முறையில் கி போட்டிக்கு எடை பார்ப்பது கி-யைப் போட்டுக்கொண்டு. 70, 76 என்று நீங்கள் பார்த்த எண்கள் உடுப்போடு சேர்த்துத்தான். நாம் வாங்கும் கி, சைஸையும் துணியையும் பொறுத்து, பெல்ட்டோடு சேர்த்து ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ வரும். அப்படியானால் உங்கள் 73, தராசில் கிட்டத்தட்ட 75. 76 பிரிவுக்கு நீங்கள் இப்போதே கச்சிதமாக இருக்கிறீர்கள். 70-க்கு இறங்க வேண்டுமென்றால் உடம்பு 68-க்கு வர வேண்டும், அதாவது மூன்று கிலோ இல்லை, ஐந்து. அதுவும் எடை பார்ப்பது முந்தின நாள் இல்லை, முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்னால். தண்ணீரை வற்றவைத்து இறங்கினால் திரும்பக் குடித்து உடம்பு தேற நேரமே இருக்காது. உள்ளூர்ப் போட்டிகளில் சிலர் முந்தின நாளே எடை பார்ப்பதும் உண்டு, அதனால் அமைப்பாளர்கள் அனுப்பிய மெயிலை ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிடுங்கள். எப்படியிருந்தாலும் என் பதில் 76. முதல் போட்டிக்கு முந்தின ஆறு வாரத்தை வயிறு காயப் போட்டு வீணாக்க வேண்டாம்.

வயது 31 என்பதால் மாஸ்டர் 1 (முப்பதைத் தொட்டவர்களுக்கானது) பிரிவிலும் நீங்கள் ஆடலாம். 20 வயதுப் பையன்களோடு அடல்ட்டில் மோதுவதற்கும் அதற்கும் வேகத்தில் நல்ல வித்தியாசம் உண்டு. ஆனால் நம் ஊர்ப் போட்டிகளில் மாஸ்டருக்கு ஆள் சேராமல் கடைசியில் அடல்ட்டோடு சேர்த்துவிடுவார்கள், அதற்கும் மனதளவில் தயாராக இருங்கள்.

கார்டு இழுப்பதா, டேக்டவுனா என்ற கேள்விக்கு வருகிறேன். புள்ளிகளைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். டேக்டவுனுக்கு 2, ஸ்வீப்புக்கு 2, வயிற்றில் முட்டி வைத்தால் 2, கார்டை, அதாவது அவர் கால்களைத் தாண்டிப் போனால் 3, மவுண்டுக்கு (மல்லாந்தவர் மேல் ஏறி உட்காருவது) 4, முதுகைப் பிடித்து இரண்டு குதிகாலையும் அவர் தொடைக்கு உள்ளே கோத்தால் 4. எதுவாக இருந்தாலும் மூன்று விநாடி நிலையாகப் பிடித்து வைத்தால்தான் ரெஃப்ரி கை தூக்குவார். வெள்ளை பெல்ட்டில் ஆட்டம் நழுவுவது பெரும்பாலும் இந்த மூன்று விநாடியில்தான். மவுண்டுக்கு ஏறிய சந்தோஷத்தில் உடனே ஆர்ம்பாருக்கு (முழங்கைப் பூட்டு) தாவுவார்கள், கை கிடைக்காது, கீழே விழுவார்கள், புள்ளியும் இருக்காது.

உங்களுக்கு சிசர் ஸ்வீப் வரும் என்கிறீர்கள். அது சரியாக விழுந்தால் நீங்கள் எழுந்து உட்காரும் இடமே மவுண்டுதான். ஸ்வீப்புக்கு 2, மவுண்டுக்கு 4, கடைசியில் மூன்று விநாடி பிடித்தால் மொத்தம் 6. வெள்ளை பெல்ட் ஆட்டத்தில் 6 புள்ளி முன்னிலை பெரிய விஷயம். அதனால் உங்கள் ஆறு வாரம் இதுதான்: நின்றபடி வலது கையால் அவர் காலர், இடது கையால் அவர் வலது கையின் ஸ்லீவ், ஒரு பாதத்தை இடுப்பில் வைத்து உட்கார்ந்து அவரை உள்ளே இழுப்பது, காலைப் பூட்டுவது, அவரை முன்னால் சாய வைத்து வெட்டுவது, மேலே ஏறி அசையாமல் படுப்பது. இந்த ஒரே பாதையை வகுப்புக்கு முன்னும் பின்னும் யாரையாவது பிடித்துவைத்துத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அவர் சாயாமல் எழுந்து நின்றால் பூட்டைத் திறந்து இரண்டு கணுக்காலையும் பிடித்து, இடுப்பைத் தூக்கி முட்டியால் தள்ளுங்கள், பின்னால் உட்காருவார். அது வராதென்றால் கோச்சிடம் கேளுங்கள், ஒரே வகுப்பில் காட்டிக்கொடுத்துவிடுவார்.

கார்டு இழுப்பதில் இரண்டு எச்சரிக்கை. பிடி இல்லாமல் சும்மா உட்கார்ந்தால் பெனால்டி. அவர் உங்கள் காலை ஏற்கனவே பிடித்திருக்கும்போது நீங்கள் இழுத்தால் அது அவருக்கு டேக்டவுனாகப் போய்ச் சேரலாம். குதித்து இடுப்பில் காலைச் சுற்றும் க்ளோஸ்ட் கார்டு வெள்ளை பெல்ட்டுக்குத் தடை, முட்டிகள் நாசமாவதால் வந்த தடை அது. நீபார், டோ ஹோல்டு, ஹீல் ஹூக் போன்ற கால் பூட்டுகள், மணிக்கட்டுப் பூட்டு எதுவும் உங்கள் பிரிவில் கிடையாது, நேரான கணுக்கால் பூட்டு மட்டும் உண்டு. வகுப்பில் விளையாட்டாகப் போடுவதை அங்கே மறந்துபோய் போட்டால் ஆட்டத்திலிருந்தே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று, சைடு கன்ட்ரோலிலிருந்தும் (எதிராளி பக்கவாட்டில் மேலே படுத்து அழுத்துவது) மவுண்டிலிருந்தும் தப்பிப்பது. இதை யாரும் ஆசையாகப் பழகுவதில்லை. ரோலிங்கில் பாதி நேரம் நீங்களே கீழே படுத்து "மேலே ஏறுங்க" என்று சொல்லி ஆரம்பியுங்கள். கீழே மாட்டினாலும் வெளியே வர முடியும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் மேலே இருக்கும்போது தைரியமாக ஆடுவீர்கள்.

மதுரைக் களரி:

தம்பி, நான் ஜூஜிட்சு ஆள் இல்லை. கல்லூரியில் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம் ஆடியவன், இப்போது பக்கத்தில் திறந்திருக்கும் ஜூஜிட்சு மேட்டில் பையன்களோடு உருளுகிறேன். மேலே நண்பர் சொன்ன கார்டு இழுக்கும் யோசனையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அவரே கீழே வந்துவிட்டார் என்று எதிராளி மேலிருந்து நசுக்க ஆரம்பித்தால் ஐந்து நிமிடமும் முதுகில்தான் கிடக்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு டேக்டவுனாவது வைத்துக்கொள். ஆறு வாரத்தில் டபுள் லெக் (இரண்டு காலையும் பிடித்து வீழ்த்துவது) முழுசாக வராது, அது உண்மை. வருவது காலர் டிராக். காலரைப் பிடி, அவர் உன்னைத் தள்ள வரும்போது காலரைக் கீழே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு நீ ஒரு பக்கம் உட்கார், அவர் முன்னால் விழுவார், நீ பின்னால் ஏறு. உட்காருவது உனக்குப் பழக்கம்தானே, அதையே கொஞ்சம் கோணம் மாற்றிச் செய்கிறாய்.

நின்றபடி ஆடும்போது முதுகை வளைத்துத் தலையைக் குனியாதே. வெள்ளை பெல்ட்டில் பாதிப் பேர் காலுக்குக் குனிந்து கழுத்தைக் கொடுத்து கில்லட்டின் என்ற கழுத்து நெரிப்பில் மாட்டுகிறார்கள். தலை அவர் மார்பில் ஒட்டியிருக்க வேண்டும், கண் மேலே பார்க்க வேண்டும். மல்யுத்தத்திலிருந்து வருகிற பையன்களும் உன் பிரிவில் வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் எறிவதில் கெட்டி. ஆனால் கீழே விழுந்தால் பழக்கதோஷத்தில் குப்புறத் திரும்பி முதுகைக் காட்டுவார்கள், எங்களுக்கு மல்லாந்தால்தான் தோல்வி. அந்த முதுகு உனக்கு 4 புள்ளி, கழுத்தும் அங்கேயே இருக்கிறது.

எடை விஷயத்தில் அவர் சொன்னதை அப்படியே கேள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட்டுக்கு நடந்தது நமக்கெல்லாம் தெரியும். 50 கிலோ பிரிவில் முதல் நாள் எடை சரி, அன்றைக்கே யுய் சுசாகி உட்பட மூன்று பேரை ஜெயித்து ஃபைனல் வந்தார், மறுநாள் காலையில் 100 கிராம் கூட இருந்தது என்று வெளியே அனுப்பினார்கள். இரவு முழுக்க வியர்க்க வைத்தும், முடியை வெட்டியும் அந்த 100 கிராம் இறங்கவில்லை. டாக்டரும் பயிற்சியாளரும் கூடவே இருந்த ஒரு உலகத்தர வீராங்கனைக்கே உடம்பு அதற்கு மேல் விட்டுக்கொடுக்கவில்லை. 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் சில வார இடைவெளியில் இறந்துபோனார்கள், மூன்று பேருமே ஆட்டத்துக்காகத் தண்ணீரை வற்றவைத்து எடை குறைத்தவர்கள். அதன் பிறகுதான் அங்கே எடை பார்க்கும் நேரம், பிளாஸ்டிக் வியர்வை உடுப்பு, சானா எல்லாவற்றிலும் விதிகளை மாற்றினார்கள். வேலைக்குப் போய்க்கொண்டு ஆசைக்கு ஆடுகிற நமக்கு இந்த எடை குறைக்கும் விளையாட்டே வேண்டாம். 76-ல் ஆடு. நன்றாகச் சாப்பிட்டு ஆடு.

மூச்சுக்கு ஓடுவதால் கெடுதல் இல்லை, ஆனால் அதுவே போதாது. வாரம் ஒரு நாள் வகுப்பில் மூன்று பேரைப் பிடித்துவைத்து, ஐந்து நிமிடச் சுற்றில் நிமிடத்துக்கு ஒரு புது ஆள் என்று உன் மேல் வரச்சொல். நீ மட்டும் மாறக்கூடாது. போட்டியில் வரும் களைப்புக்கு இதுதான் கிட்டத்தட்டப் பொருந்தும். கை இறுகுவதற்குக் காரணம் நீ எல்லாவற்றையும் ஐந்து விரலாலும் உயிர் போகிறமாதிரி பிடிப்பது. தேவைப்படும்போது பிடி, இழுத்து முடித்ததும் விடு. கடைசி வாரம் கடுமையாக எதுவும் செய்யாதே, லேசாக உருண்டுவிட்டுத் தூங்கு.

நொய்யல்:

கோவையிலிருந்து எழுதுகிறேன், நானும் ப்ளூ பெல்ட் (வெள்ளைக்கு அடுத்தது) வாங்கும் முன்பே போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தவள். அண்ணன்கள் இருவரும் நுட்பத்தைச் சொல்லிவிட்டார்கள், நான் மற்றதைச் சொல்கிறேன்.

முதல் ஆட்டத்தில் நீங்கள் களைப்பது உடற்பயிற்சி குறைவால் இல்லை, பதற்றத்தால். பெயரைக் கூப்பிட்டதும் இதயம் தொண்டைக்கு வரும், மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் ஒரு நிமிடத்தில் எல்லாச் சக்தியையும் கொட்டிவிடுவீர்கள். எல்லோருக்கும் இது நடக்கும். இதற்கு ஒரே வழி மேட்டுக்குப் போகும் முன்பே உடம்பை நன்றாகச் சூடேற்றுவது. சும்மா கையைக் காலை ஆட்டுவது இல்லை, நெற்றியில் வியர்வை வந்து மூச்சு வாங்கி மறுபடி அடங்கும் அளவுக்கு. கூட வந்த நண்பரோடு கால் மணி நேரம் முன்னால் ஓரமாகப் பிடி போட்டு உருளுங்கள். முதல் மூச்சுத் திணறல் அங்கேயே வந்து போய்விடும், மேட்டில் இரண்டாவது மூச்சோடு ஆரம்பிப்பீர்கள்.

அப்புறம் தோல். இதை யாரும் பேசுவதில்லை, எனக்கு இது முக்கியம். மழைக்காலத்தில் சென்னையில் கி ஒரே நாளில் காயாது. ஈரக் கி-யை மறுநாள் போட்டுப் போனால் உங்களுக்கும் படர்தாமரை, நீங்கள் உருளும் எல்லோருக்கும் படர்தாமரை. இரண்டு கி கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் ஃபேனுக்கு அடியில் இரவு முழுக்கப் போடுங்கள். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுவதற்கு முன் குளியுங்கள். வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து அரித்தால் மெடிக்கல் ஷாப்பில் போய் "அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்று கேட்டு வாங்காதீர்கள். அப்படிக் கொடுக்கும் ட்யூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், போட்ட இரண்டு நாளில் சிவப்பு அடங்கியதுபோல் தெரியும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும், பிறகு மருந்து கேட்காமல் மாதக்கணக்கில் இழுக்கும். தோல் டாக்டரிடம் போங்கள், அவர் சொல்லும் வரை மேட்டுக்கு வராதீர்கள். போட்டியிலும் தோலைப் பார்ப்பார்கள், தொற்று தெரிந்தால் ஆட விடமாட்டார்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும், கால் நகமும்தான். மேட்டை விட்டு இறங்கினால் செருப்பு, கழிவறைக்கு வெறுங்காலில் போய்விட்டுத் திரும்ப மேட்டில் ஏறுவது மன்னிக்க முடியாத விஷயம்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால்: நம் பிரிவில் ஆள் மிகவும் குறைவு, இரண்டு மூன்று பேரோடு முடிந்துவிடும், சில சமயம் எடைப் பிரிவுகளையே சேர்த்துவிடுவார்கள். எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள், அவ்வளவு தூரம் போய் ஆடாமலே மெடல் வாங்கித் திரும்புவது வருத்தமாக இருக்கும். கி-க்கு உள்ளே ரேஷ்கார்டு (உடம்போடு ஒட்டிய மேல்சட்டை) கட்டாயம், க்ளிப்பும் ஹேர்பின்னும் கூடாது, முடியை ரப்பர் பேண்டில் இறுக்கிப் பின்னிக்கொள்ளுங்கள்.

பெங்களூருக்கு ராத்திரி பஸ்ஸில் போய்க் காலையில் இறங்கி நேராக மேட்டுக்குப் போகாதீர்கள். முந்தின நாளே போய் ஒரு ரூம் எடுத்துத் தூங்குங்கள். காலையில் இரண்டு இட்லி, அதற்கு மேல் வேண்டாம், பையில் வாழைப்பழம் வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்கு உங்கள் ஆட்டம் வராது, ஒரு மணி நேரம் முன்னால் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள், மூன்று மணி நேரம் தள்ளினாலும் தள்ளுவார்கள்.

எலும்பு டாக்டர் வாசல்:

நான் பிசியோதெரபிஸ்ட், மேட்டிலிருந்து வரும் முழங்கையும் முட்டியும் நிறையப் பார்க்கிறேன். ஒரே ஒரு விஷயம். டேப் செய்ய, அதாவது தட்டி விட்டுக்கொடுக்கத் தயங்காதீர்கள். ஆர்ம்பாரில் முழங்கை நேராகி இடுப்பு மேலே எழும்பத் தொடங்கியதும் தட்டிவிட வேண்டும், வலி வந்த பிறகு தட்டலாம் என்று காத்திருந்தால் அதற்குள் தசைநார் கிழிந்திருக்கும். வகுப்பில் நண்பர் மெதுவாகப் போடுவார், போட்டியில் எதிராளியும் பதற்றத்தில் இருப்பார், வேகமாகப் போடுவார். கை மாட்டியிருந்தால் வாயால் "டேப்" என்று கத்துங்கள், அதுவும் செல்லும். வலியில் கத்தினாலும் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திவிடுவார்.

கழுத்து நெரிப்பில் கணக்கு வேறு. காலர் சோக் (கி-யின் காலரால் நெரிப்பது) கழுத்தின் இரண்டு பக்க ரத்தக்குழாயையும் அழுத்துவது, சரியாக விழுந்தால் பத்து விநாடிக்குள் மயக்கம் வந்துவிடும், மூச்சு முட்டுவதுபோல் முன்னெச்சரிக்கை எதுவும் இருக்காது. காதில் இரைச்சல், கண்ணில் இருட்டு என்று தோன்றினால் அதுதான் கடைசி வாய்ப்பு.

அம்மாவிடம் போட்டிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இதில் குத்தும் உதையும் கிடையாது என்பதே பலருக்குத் தெரியாது. நான் பார்க்கும் பையன்களில் சிலர் வீட்டுக்குத் தெரியாமல் ஆடி, அடிபட்டதை மறைத்து, இரண்டு மாதம் கழித்து முழுசாக மடக்க முடியாத முட்டியோடு வருகிறார்கள். வீட்டில் தெரிந்திருந்தால் அடுத்த நாளே வந்திருப்பார்கள்.

வேளச்சேரி வெள்ளை பெல்ட்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கி-யோடு எடை என்பது எனக்குத் தெரியவே தெரியாது. நேற்று போட்டுக்கொண்டு நின்று பார்த்தேன், 74.9. 76-ஐ உறுதி செய்து அமைப்பாளர்களுக்கு எழுதிவிட்டேன். மதுரை அண்ணா, காலர் டிராக்கை கோச்சிடம் கேட்டேன், இந்த வாரமே காட்டுகிறேன் என்றார். அம்மாவிடம் இன்றிரவு பேசப் போகிறேன், வகுப்பில் எடுத்த வீடியோவைக் காட்டிப் பேசலாம் என்று இருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கோச் அன்றைக்கு வர முடியாது, அவருக்கு வேறு வேலை. கூட வரும் நண்பரும் என்னைப்போல் வெள்ளை பெல்ட்தான். மேட் ஓரத்தில் நின்று அவர் என்ன சொன்னால் எனக்கு உபயோகமாக இருக்கும்?

மேட்டுவாசி:

நுட்பம் எதுவும் சொல்லச் சொல்லாதீர்கள், அந்தச் சத்தத்தில் ஒன்றும் காதில் ஏறாது. இரண்டே விஷயம் கத்தச் சொல்லுங்கள், ஸ்கோரும் மீதி நேரமும். "ரெண்டு பின்னாடி, ஒன்றரை நிமிஷம்" என்று கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். முன்னால் இருக்கிறீர்கள் என்றால் மவுண்டை விட்டு இறங்காதீர்கள், ஆனால் சும்மா கட்டிப்பிடித்துக் கிடந்தாலும் ஸ்டாலிங் (நேரம் கடத்துவது) என்று பெனால்டி வரும், அதனால் காலர் சோக்குக்குக் கை போட்டுக்கொண்டே இருங்கள். புள்ளி சமமாக முடிந்தால் அட்வான்டேஜ் (புள்ளிக்குக் கிட்டத்தட்ட வந்து நழுவிய முயற்சிக்குக் கொடுப்பது) பார்ப்பார்கள், அதுவும் சமம் என்றால் பெனால்டி குறைவாக வாங்கியவர், அப்படியும் தீரவில்லை என்றால் ரெஃப்ரி யாருக்குக் கை தூக்குகிறாரோ அவர். அதனால் சமமாக இருக்கும்போது கடைசி முப்பது விநாடியில் ஸ்வீப்புக்கு ஒரு நல்ல முயற்சியாவது போட்டுவிடுங்கள்.

மதுரைக் களரியின் காலர் டிராக் யோசனை நல்ல யோசனை, என்னுடையதோடு அது முரண்படவும் இல்லை. ஒரே காலர் பிடிதான். அவர் தள்ளி வந்தால் டிராக், நிமிர்ந்து பின்னால் சாய்ந்தால் கார்டு. இரண்டையும் சேர்த்தே பழகுங்கள்.

மதுரைக் களரி:

அப்படியென்றால் எனக்கும் சம்மதம். தம்பி, நண்பரிடம் இன்னொன்றும் சொல்லிவை, ஆட்டத்தை முழுசாக வீடியோ எடுக்கச்சொல். ஜெயித்தாலும் தோற்றாலும் உனக்கு அதில் கால்வாசிகூட ஞாபகம் இருக்காது. திங்கட்கிழமை கோச்சோடு உட்கார்ந்து பார்க்க அது வேண்டும். முடிந்தால் இங்கேயும் போடு, பார்த்துச் சொல்கிறோம்.